கருப்பா இருந்தா பழைய மரமா?

அயர்லாந்துல சதுப்பு நிலத்துல ஆயிரக்கணக்கான வருஷம் புதைஞ்சு கிடந்த ஓக் மரத்தைத் தோண்டியெடுத்துச் சிற்பம் செய்றாங்க. மரத்தோட டானினும் மண்ணுல இருக்கிற இரும்பும் சேர்ந்துதான் அந்தக் கருப்பு. நம்ம திட்டக்குடிப் பக்கம் புதைஞ்ச மரம்னா நெய்வேலி பழுப்பு நிலக்கரிதான். அதுல பிள்ளையார் செதுக்க முடியாது மக்களே!

அதனால 'பழங்கால மரம்'னு ஒரு கருப்புச் சிலையை யாராவது நீட்டினா, நான் முதல்ல தலைகீழாத் திருப்பிப் பார்ப்பேன். அடிப்பக்கம் பெரும்பாலும் பாலிஷ் இருக்காது. மரத்தோட நிஜ நிறம், ரேகை, ஒட்டுப்போட்ட கோடு எல்லாம் அங்கதான் தெரியும்.

திட்டக்குடிக்கு மேற்கே, பெரம்பலூர் மாவட்டத்துல, பச்சைமலை அடிவாரத்துல அரும்பாவூர். அந்த ஊர் மரச்சிற்பத்துக்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சது. மா, வேம்பு, வாகை மாதிரி மரங்கள்தான். பெரும்பாலும் ஒரே கட்டையில செதுக்குவாங்க. உளி வேலைன்னா ரெண்டு காதும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது. குறியீடு ஊருக்கும் கைவேலைக்கும்தான், மரத்தோட வயசுக்கு இல்ல.

முடிஞ்சா பட்டறையிலயே வாங்குங்க, காசு செதுக்கினவர் கைக்கே போகும். இல்லன்னா அரசாங்கத்தோட பூம்புகார் கடை இருக்கு. வேற கடைன்னா, என்ன மரம்னு பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. 'இருநூறு வருஷத்து மரம்'னு சொல்றவர்கிட்ட அதையும் சேர்த்து எழுதச் சொல்லிப் பாருங்க.