கையில் கருவி இருந்தால் போதுமா?

வைஃபையின் பலவீனங்களைச் சோதிக்கும் கருவிகள் இன்று சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகின்றன. 2008 முதல் விற்பனையில் இருக்கும் வைஃபை பைனாப்பிள், 2020இல் கிக்ஸ்டார்ட்டரில் ஏறத்தாழ 48 லட்சம் டாலர் திரட்டிய ஃபிளிப்பர் ஜீரோ ஆகியவை பெயர் பெற்றவை. (ஃபிளிப்பரில் வைஃபை கிடையாது, அதற்குத் தனியாக ஒரு பலகையைச் செருக வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.) அவ்வளவு செலவழிக்க முடியாதவர்களுக்குச் சென்னை ரிச்சி தெருவிலேயே சில நூறு ரூபாய்க்கு வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி8266 பலகை கிடைக்கும். இவற்றை வாங்குவதோ, கற்றுக்கொள்ள ஆசைப்படுவதோ தவறில்லை. பாதுகாப்புச் சோதனை மரியாதையான தொழில். அதற்கு ஆட்களும் தேவைப்படுகிறார்கள். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று பழகுவதற்கு முன்னால், யாருடைய அனுமதியோடு அழுத்துகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அனுமதி பாடத்தின் கடைசியில் வரும் எச்சரிக்கை வாசகம் அல்ல, முதல் பாடமே அதுதான்.

ரேடியோ அலைக்குச் சுவர் பெரிய தடையில்லை என்பதே இதற்கு முதல் காரணம். தொடக்கநிலையில் எல்லோரும் செய்துபார்க்கும் ‘டீஆத்’ தாக்குதலையே எடுத்துக்கொள்வோம். இணைப்பு முடிந்தது என்று ரவுட்டரும் செல்பேசியும் பரிமாறிக்கொள்ளும் சிறு செய்திக்கு வைஃபை விதிகளில் நெடுங்காலம் எந்தப் பாதுகாப்பும் இருக்கவில்லை. ரவுட்டரின் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் அதை அனுப்பலாம். செல்பேசி நம்பித் துண்டித்துக்கொள்ளும். 2009இல் வந்த 802.11டபிள்யூ என்ற வைஃபை விதித்திருத்தம் இந்த ஓட்டையை அடைக்க வழி செய்தது. 2018இல் வந்த டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்புத் தரம் அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2வில் ஓடும் பழைய ரவுட்டர்கள் இன்னும் ஏராளம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இலக்கைச் சரியாகக் குறிக்காமல் இந்தச் செய்தியை அனுப்பினால், மேல் வீட்டுக்காரரின் அலுவலகக் கூட்டமும் எதிர் வீட்டுக் கண்காணிப்புக் கேமராவும் சேர்ந்தே அறுந்துபோகும்.

“சும்மா செய்துபார்த்தேன், யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை” என்பது இங்கே வழக்கமாக வரும் பதில். சட்டம் இதைப் பாதிதான் ஏற்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டையும் விதிக்கிறது. அதற்கு நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கம் இருந்ததாக நிறுவ வேண்டும். ஆனால் 43ஆம் பிரிவு நோக்கத்தைக் கேட்பதில்லை. உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதியில்லாமல் ஒரு கணினி வலையமைப்புக்குள் நுழைந்தாலும், தரவை நகலெடுத்தாலும், செயல்பாட்டைக் குலைத்தாலும், பயன்படுத்த உரிமையுள்ளவரைப் பயன்படுத்தவிடாமல் செய்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும். டீஆத் செய்வது இந்தக் கடைசி இரண்டையும்தான். கெட்ட எண்ணம் இல்லை என்பது சிறையிலிருந்து காப்பாற்றலாம், இழப்பீட்டிலிருந்து காப்பாற்றாது. நல்லெண்ணத்தோடு செய்த ஆய்வுக்காக வழக்குத் தொடர வேண்டாம் என்று அமெரிக்க நீதி அமைச்சகம் 2022இல் தன் வழக்கறிஞர்களுக்கு நெறிமுறை வகுத்தது. நம் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை.

அடுத்த வாதம் கொஞ்சம் நுட்பமானது. “நான் எதையும் உடைக்கவில்லை, காற்றில் வந்ததைக் கேட்டேன், அதுவும் கடவுச்சொல்லே இல்லாத வைஃபை.” கூகுள் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. 2007 முதல் 2010 வரை அதன் ஸ்ட்ரீட் வியூ கார்கள் தெருத்தெருவாகப் படமெடுத்துச் சென்றபோது, பூட்டப்படாத வைஃபைகளில் ஓடிய மின்னஞ்சல்களையும் கடவுச்சொற்களையும் சேர்த்தே பதிவு செய்துவிட்டன. அது பொதுமக்கள் எளிதில் கேட்கக்கூடிய வானொலித் தொடர்பு என்ற வாதத்தை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் நிராகரித்தது. கதவைத் தாழிட மறந்தவர் நம்மை விருந்துக்கு அழைத்ததாகிவிடாது. இந்தியாவிலும் தொலைத்தொடர்புச் சட்டம் 2023இன் 42ஆம் பிரிவு, செய்திகளைச் சட்டவிரோதமாக இடைமறிப்பதற்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

“இடம் என்னுடையது” என்பதும் அனுமதி ஆகாது. நாஷ்வில் நகரிலுள்ள மேரியட்டின் ஹோட்டல் ஒன்று, விருந்தினர்கள் தங்கள் செல்பேசியில் வைத்திருந்த ஹாட்ஸ்பாட்களை டீஆத் முறையில் துண்டித்துவிட்டு, தன் வைஃபைக்குக் கருவி ஒன்றுக்கு 250 முதல் 1,000 டாலர் வரை கட்டணம் கேட்டது. 2014இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் 6 லட்சம் டாலர் கட்டி அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டது. கட்டடம் ஹோட்டலுடையது, இணைப்பு விருந்தினருடையது. கல்லூரி விடுதியில் இதையே செய்யும் நிர்வாகிகளும் மாணவர்களும் கவனிக்க வேண்டிய வழக்கு இது.

அப்படியானால் கருவிகளையே தடை செய்துவிடலாமே? 2023இல் அமேசான் ஃபிளிப்பரை விற்பனையிலிருந்து நீக்கியது. கார் திருட்டைத் தடுக்க என்று சொல்லி 2024 பிப்ரவரியில் கனடா அரசு தடையை அறிவித்தது. பாதுகாப்பு வல்லுநர்களின் எதிர்ப்புக்குப் பிறகு, முறையான பயனர்களுக்கு அனுமதி என்று இறங்கிவந்தது. அந்த இறக்கம் சரியானதே. சில நூறு ரூபாய்ப் பலகையிலும் பழைய மடிக்கணினியிலும் செய்யக்கூடிய வேலையைக் கடைத் தடை நிறுத்தாது, கற்பவர்களைத்தான் நிறுத்தும். செயலைத் தண்டிப்பதுதான் பலன் தருகிறது. ஆஸ்திரேலியாவில் விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும் போலி வைஃபை விரித்துப் பயணிகளின் கடவுச்சொற்களைப் பறித்தவர்மீது 2024இல் வழக்குப் பதிவானது செயலுக்காகத்தான். இந்த நியாயம் அலைகளையே முடக்கும் ஜாமருக்கு மட்டும் பொருந்தாது: இந்தியாவில் அரசின் தனி அனுமதியில்லாமல் தனிநபர் அதை வைத்திருப்பதே குற்றம்.

அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் எப்போது கற்பது என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு: அனுமதி தரக்கூடிய முதல் ஆள் நீங்களேதான். பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை இணைய இணைப்பு இல்லாமல் ஓடவிடுங்கள். உங்கள் பழைய செல்பேசியை அதில் இணையுங்கள். அந்த ரவுட்டரின் முகவரியையும் அந்தச் செல்பேசியின் முகவரியையும் மட்டும் இலக்காகக் குறியுங்கள். கைபேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்தால் எவ்வளவு விரைவில் உடைகிறது என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். பிறர் வலையமைப்பைத் தொட வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். எந்த வலையமைப்பு, என்னென்ன சோதனைகள், எந்தத் தேதியில் எத்தனை மணி வரை, கிடைக்கும் தரவை என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுபவருக்கு அதற்கான அதிகாரம் இருக்க வேண்டும். ஆய்வக உதவியாளர் தலையாட்டியது கல்லூரியின் அனுமதி ஆகாது. தற்செயலாக ஓட்டை கண்ணில் பட்டால், மேலும் துழாவாமல் உரிமையாளரிடமோ மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பிடமோ தெரிவித்துவிடலாம்.

மறுபக்கம் இருப்பவருக்கும் உரிமை உண்டு. வைஃபை அடிக்கடி காரணமில்லாமல் அறுந்தாலோ, உங்கள் வைஃபையின் பெயரிலேயே இன்னொன்று தெரிந்தாலோ நேரத்தைக் குறித்து, திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். ரவுட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் நீண்ட கடவுச்சொல்லாவது வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930ஐ அழையுங்கள். மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளமும் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையமும் இருக்கின்றன. ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை, தீர்ப்பு அதிகாரியாகச் செயல்படும் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே விசாரிப்பார். 2010இல் தமிழ்நாட்டில் அந்த அதிகாரி, போலி மின்னஞ்சலில் பணம் இழந்த வாடிக்கையாளருக்கு ஏறத்தாழ 12.85 லட்சம் ரூபாய் தருமாறு ஒரு வங்கிக்கு உத்தரவிட்டிருக்கிறார்.