வலிக்காத இடம்

பந்திங் வட்டாரத்தில் இனிப்பு நீர் நுழையாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2019-இல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மாத்திரைக்கு அடங்காமல் இன்சுலினுக்கு வந்தவர்கள் தோட்டத்திலும் இருக்கிறார்கள், தாமானிலும் இருக்கிறார்கள். சிலர் நாளுக்கு நான்கு தடவை குத்திக்கொள்கிறார்கள். வருடத்துக்கு 1,460 ஊசி.

எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, ரீடிங் எவ்வளவு என்றெல்லாம் விசாரிக்கிறோம். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுங்கள் என்று கேட்பவர் குறைவு.

கேட்டுப் பார்த்தால் சிலருக்குத் தொப்புளின் இரு பக்கமும் மேடு தட்டியிருக்கும். சிலருக்குக் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தட்டுப்படும். விரலில் சோப்பு நுரையைத் தடவி மெல்ல வழித்துக்கொண்டே போனால், அதுவரை மிருதுவாக இருந்த சதை ஓரிடத்தில் ரப்பர் மாதிரி கெட்டிப்படும். பக்கத்துத் தோலை இரு விரலால் கிள்ளிப் பிடிக்கலாம். அந்த இடம் பிடி கொடுக்காது.

இன்சுலின் கொழுப்பை வளர்க்கும் ஹார்மோன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கினால் அங்கே கொழுப்பு பெருத்து, நார்த்திசுவும் சேர்ந்துகொள்கிறது. ஒரே ஊசிமுனையைப் பல நாள் ஓட்டினால் பாதிப்பு இன்னும் கூடும். கட்டி விழுந்த இடத்தில் வலி குறைவு என்பதால் கை தன்னால் அங்கேயே போகும். அங்கே போட்ட மருந்தோ இன்று ஒரு மாதிரியும் நாளை வேறு மாதிரியும் இரத்தத்தில் சேரும். சர்க்கரை ஏறும், கிளினிக்கில் யூனிட்டைக் கூட்டுவார்கள். வீட்டில் "வாயைக் கட்டமாட்டேங்கிறீங்களே அப்பா" என்று மகள் கோபிப்பாள். பத்தியமாகச் சாப்பிட்டும் திட்டு வாங்கும் அந்த மனிதரை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. 2013-இல் வெளிவந்த ஸ்பெயின் ஆய்வொன்றில் இன்சுலின் போடுகிறவர்களில் ஏறக்குறைய மூவரில் இருவருக்கு இந்தக் கட்டி இருந்தது. அவர்களில் அநேகமாக எல்லாருமே இடத்தைச் சரியாக மாற்றிப் போடாதவர்கள்.

கட்டியை விட்டு நகர்ந்தால் அது மாதக் கணக்கில் மெல்ல வற்றும். ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. நல்ல சதையில் அதே யூனிட்டைப் போட்டால் மருந்து முழுசாக வேலை செய்து, சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். சில நாள் ரீடிங்கை அடிக்கடி பார்க்கவும் வேண்டும். தெலுக் டத்தோ கிளினிக்கோ பந்திங் மருத்துவமனையோ, அடுத்த முறை போகும்போது தாதியிடம் "மிஸ்ஸி, இந்த இடத்தைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்று கேட்டுவிடுங்கள். அதன் பிறகு வயிற்றை நான்கு பாகமாக வைத்து வாரத்துக்கு ஒரு பாகம். முந்தைய குத்திலிருந்து ஒரு விரல் தள்ளி அடுத்தது. முடிந்தவரை நான்கு மில்லிமீட்டர் முனை, ஒவ்வொரு தடவையும் புதியது.

இன்சுலின் தோலுக்கடியில் போவது. தசையில் போடும் ஊசி வேறு வகை, ஆனால் அதற்கும் இடம் மாற வேண்டும். வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்ட பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின். மனநோய்க்கு மாதாந்திர ஊசி. இவை வருடக் கணக்கில் போகும். ஒரே பக்கத்தில் விழுந்துகொண்டே இருந்தால் தசை தழும்பாக இறுகும். 1970-களில் ஜப்பானின் யமனாஷி பகுதியில், சளி காய்ச்சலுக்கெல்லாம் தொடையில் ஊசி போடப்பட்ட குழந்தைகளுக்கு முழங்கால் மடங்காமல் போனது. பலருக்கு அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருந்தது. தேவையில்லாத ஊசியைக் கேட்டு வாங்கும் நம் பழக்கத்தை அதற்காகவே விட வேண்டும். தேவையான ஊசியை ஒருபோதும் விடக் கூடாது. இந்த மாதம் வலது, அடுத்த மாதம் இடது என்று அட்டையிலேயே குறித்துத் தரச் சொல்லலாம். கெட்டியான இடத்தைக் காட்டி "இங்கே வேண்டாம், தள்ளிப் போடுங்க" என்று சொல்ல நோயாளிக்கு முழு உரிமை உண்டு.