எந்த நாட்டுக் காளை சிறந்தது?



காளை பால் தருவதில்லை. ஆயினும் ஒரு கிடேரிக் கன்று பெறும் மரபுப் பண்புகளில் சரிபாதி அதன் தந்தையிடமிருந்தே வருகிறது. அப்படியானால் ஒரு காளையின் தரத்தை எவ்வாறு அறிவது? அதன் மகள்களைக் கொண்டுதான். பல பண்ணைகளில் வளரும் மகள்களின் பாலை அளந்து, அதே பண்ணையில் அதே பருவத்தில் கறக்கும் மற்றப் பசுக்களின் பாலோடு ஒப்பிடுகிறார்கள். அதிலிருந்து கணக்கிடப்படும் எண்ணே அக்காளையின் மரபு மதிப்பு.

காளையின் விந்து, திரவ நைட்ரஜனில் சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ் குளிரில் உறைந்து, கடல் கடந்து செல்கிறது. அயர்லாந்து உழவர் ஒருவரிடம் அமெரிக்கக் காளைப் பட்டியல் ஒன்றும் நியூசிலாந்துப் பட்டியல் ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண் பெரிதாக உள்ள காளையை அவர் வாங்கிவிடலாமா?

கூடாது. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, அளவுகோல். அமெரிக்கர்கள் காளை தன் கன்றுக்குக் கொடுக்கும் பாதி மதிப்பை மட்டும், பவுண்டுக் கணக்கில் தருகிறார்கள். நியூசிலாந்தார் முழு மதிப்பை மெட்ரிக் அளவில் தருகிறார்கள்.

இரண்டாவது, தொடக்கப் புள்ளி. ஒவ்வொரு நாடும் தன் பசுக்களின் சராசரியையே சுழியமாகக் கொள்கிறது. அமெரிக்காவில் 2025 ஏப்ரல் முதல், 2020-இல் பிறந்த பசுக்களின் சராசரியே சுழியம். ஒரு பள்ளியில் முதல் மாணவன் இன்னொரு பள்ளியிலும் முதல்வனாக வருவான் என்று சொல்ல முடியுமா?

மூன்றாவது, வாழும் சூழல். அமெரிக்கப் பசு பெரும்பாலும் கொட்டகையில் தானியமும் மக்காச்சோளமும் தின்று கறக்கிறது. நியூசிலாந்துப் பசு மேய்ச்சல் நிலத்தில் நடந்து புல் மேய்ந்து கறக்கிறது. ஆகவே ஓரிடத்தில் முந்தும் மகள்கள் மற்றோரிடத்தில் பிந்தலாம்.

முதல் இரண்டையும் பெருக்கலாலும் கூட்டல் கழித்தலாலும் சரிசெய்துவிடலாம். மூன்றாவதற்கு அது போதாது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷேஃபர் 1994-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு நாட்டில் கறக்கும் பாலையும் தனித்தனிப் பண்பாகவே கருதுவது அவர் முறை. பல நாடுகளில் மகள்களை உடைய காளைகளும் அவற்றின் உறவுக் காளைகளும் நாடுகளை இணைக்கும் பாலமாகின்றன. 1983-இல் தோன்றிய இன்டர்புல் என்னும் அமைப்பு, சுவீடனின் உப்சாலா நகரிலுள்ள தன் மையத்தில் இக்கணக்கைச் செய்கிறது. இதன்படி ஒரே காளைக்கு நாட்டுக்கு ஓர் எண் கிடைக்கிறது. உலகுக்கெல்லாம் பொதுவான ஒரே வரிசை கிடையாது.

இது வெறும் கணக்கு விவகாரமா? இல்லை. அயர்லாந்தில் இளவேனிலில் புல் தழைக்கும்போதே பசு கன்று ஈனவேண்டும். 1980களிலும் 1990களிலும் அங்கே வட அமெரிக்க ஹோல்ஸ்டீன் வித்து பெருமளவில் பரவியது. பால் கூடியது, ஆனால் சினை பிடிப்பது குறைந்தது. காலத்தில் சினைப்படாத பசுவை விற்பதைத் தவிர உழவருக்கு வழியில்லை. கருவூட்டிய நாளிலிருந்து மகள் கறவைக்கு வர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆவதால், தவறு தெரியும்போது காலம் கடந்திருந்தது. 2001-இல் அந்நாடு, பாலோடு சினைத் திறனையும் நீடித்து வாழும் தன்மையையும் சேர்த்து எடைபோடும் பொருளாதாரக் குறியீட்டைக் கொண்டுவந்தது. அதன் பின்னர் சினைத் திறன் மெல்ல மேம்பட்டது.

2009 முதல் அமெரிக்காவில் இளங்கன்றின் மரபணுவைச் சோதித்தே அதன் மதிப்பை அதிகாரபூர்வமாகக் கணிக்கிறார்கள். ஆனால் அந்தக் கணிப்புக்கும் அடிப்படை, ஏதோ ஒரு நாட்டின் பசுக்களிடம் அளந்த பால்தான்.

ஆகவே, எந்த நாட்டுக் காளை சிறந்தது என்று யாரேனும் கேட்டால், அதன் மகள்கள் எந்த மண்ணில் மேயப்போகின்றன என்று முதலில் நாம் திருப்பிக் கேட்கவேண்டும்.