மின்சார கார் வாங்கும் முன் மின் அட்டையைப் பாருங்கள்

பச்சை எண் பலகை தாங்கிய கார்களை இப்போது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையிலும் கும்பகோணம் கடைவீதியிலும் சாதாரணமாகக் காண முடிகிறது. மின்சார கார் வாங்க நினைப்போர் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும்? இவை அவசியமான கேள்விகளே. ஆனால், இந்த கார் வந்தபின் என் வீட்டு மின் கணக்கு எந்தப் படிக்கு ஏறும் என்ற மூன்றாவது கேள்வியை ஏறத்தாழ யாருமே கேட்பதில்லை. மாதச் செலவைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

டெல்டாவில் வெளிநாட்டு உறவு இல்லாத குடும்பங்கள் குறைவு. "இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் சார்ஜ் போடுங்கள், அப்போதுதான் மின்சாரம் மலிவு" என்று லண்டனிலிருந்து பிள்ளைகள் சொல்லும் யோசனை அங்கே முற்றிலும் சரி. பிரிட்டனில் ஒரு வீடு தன் மின் விற்பனை நிறுவனத்தையே மாற்றிக்கொள்ளலாம். மின்சார கார் வைத்திருப்போருக்கென நள்ளிரவுச் சலுகைத் திட்டங்களும் உண்டு. நமக்கு விற்பனையாளர் ஒருவரே. வழக்கமான வீட்டு இணைப்பில் நாம் எத்தனை மணிக்கு மின்சாரம் எடுத்தோம் என்பதைக் கணக்கு பார்ப்பதில்லை. இரண்டு மாதங்களில் மொத்தம் எவ்வளவு எடுத்தோம் என்பதை மட்டுமே பார்க்கிறது. எனவே, கடிகாரத்தைப் பார்த்து மின்னேற்றுவதால் இங்கே ஒரு காசும் மிச்சமாகாது.

படிக்கட்டணம் எப்படி வேலை செய்கிறது என்பதை எண்களில் பார்ப்போம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட ஆணையின் விகிதங்களை எடுத்துக்கொள்கிறேன். அதன்பின் விகிதங்கள் மாறியுள்ளன; தம் அண்மைக் கட்டணச் சீட்டில் உள்ள விகிதத்தை இட்டு வாசகர்கள் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஆணைப்படி, இரு மாதங்களில் 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு தலா 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய்; 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 400 வரை முழுவதற்குமே 4.50 ரூபாய் ஆகிவிடும். அதன்மேல் 501 முதல் 600 வரை 8 ரூபாய், 800 வரை 9 ரூபாய், 1,000 வரை 10 ரூபாய், அதற்கும் மேல் 11 ரூபாய்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 500 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 501 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். கணக்கெடுப்புக்கு இரு நாள் முன்பு 490-ல் நிற்கும் வீடு, காருக்கு முழு மின்னேற்றம் செய்வதைக் கணக்கெடுப்பு முடியும்வரை தள்ளிப்போடுவது கஞ்சத்தனம் ஆகாது.

இனி காரைக் கணக்கில் சேர்ப்போம். மின்னேற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள்ளேயே மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரு மாதங்களில் 200 யூனிட் தேவை. அவர் வீட்டில் ஏற்கெனவே 200 யூனிட் மட்டுமே செலவாகிறது என்றால், கட்டணம் 225 ரூபாயிலிருந்து 1,125 ரூபாயாகும். காருக்கான மின்சாரம் யூனிட்டுக்கு 4.50 ரூபாய் விழுகிறது. அதே காரை, அதே தூரம், குளிர்சாதனம் ஓடி 400 யூனிட் செலவாகும் வீட்டுக்காரர் ஓட்டினால், 1,125 ரூபாய் 2,750 ரூபாயாகிறது. அவருடைய காருக்கு யூனிட் 8 ரூபாய்க்கும் மேல். காரும் சாலையும் ஒன்றே. வீட்டின் படிதான் வேறு. வீட்டின் சராசரிக் கட்டணத்தில் கார் ஓடுவதில்லை; எப்போதும் அது கடைசிப் படியின் மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இரு மாதங்களில் 45 நாள் போய்வருபவருக்கு 3,600 கிலோமீட்டர், அதாவது 600 யூனிட். வீட்டுச் செலவு 400 யூனிட்டுடன் சேர்த்தால் 1,000 யூனிட். கட்டணம் 6,550 ரூபாய். இதில் காரின் பங்கு 5,425 ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு இதே தூரத்துக்கு 240 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 24,000 ரூபாய். ஆக, மேல்படியில் ஏறினாலும் மின்சார கார் லாபமே. ஆனால், விற்பனையாளர் சொல்லும் லாபத்துக்கும் வீட்டில் விழும் லாபத்துக்கும் உள்ள வேறுபாட்டை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

தேர்ந்தெடுக்கப் பல திட்டங்கள் இல்லாத இடத்தில் நமக்குள்ள வழிகள் மூன்று. முதலாவது, இருக்கும் வீட்டு இணைப்பிலேயே மின்னேற்றுவது. சிக்கனமான வீட்டுக்கும் குறைந்த ஓட்டத்துக்கும் இதுவே சிறந்தது.

இரண்டாவது, காருக்கெனத் தனி இணைப்பு. நுகர்வோர் உரிமை விதிகளில் மத்திய அரசு 2024-ல் செய்த திருத்தம் இதற்கு வழி தருகிறது. தனி இணைப்பில் வீட்டின் படி ஏறாது. ஆனால் இலவச யூனிட்டை எதிர்பார்க்க முடியாது, நிலைக் கட்டணமும் சேரலாம். உதாரணமாக, யூனிட் 8 ரூபாயும் இரு மாத நிலைக் கட்டணம் 600 ரூபாயும் என்றால், மேலே சொன்ன 200 யூனிட் காரருக்கு 2,200 ரூபாய், அதாவது நஷ்டம். கும்பகோணம் போய்வருபவருக்கு 5,400 ரூபாய். வீட்டு இணைப்பில் ஆகும் அதே செலவு. அதிகம் ஓட்டுபவருக்கே இது பொருந்தும். எந்தக் கட்டண வகையில் இணைப்பு தரப்படும் என்பதை எழுத்தில் பெற்றபிறகே பணம் கட்ட வேண்டும்.

மூன்றாவது, கூரைச் சூரிய மின்சாரம். 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்றால், இரு மாதங்களில் 700 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும். பகலில் மின்தொடருக்குக் கொடுத்ததை இரவில் எடுத்த யூனிட்டிலிருந்து கழிக்கும் நிகர அளவீட்டில், கழிவது மேல்படி யூனிட்டுகளே. மேல்படியில் ஓடும் காருக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களைச் சாய்த்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதி கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன. தொடருடன் இணைந்த சாதாரணச் சூரிய அமைப்பு, மின்தடை வந்தால் தானும் நின்றுவிடும். தனி பேட்டரி இருந்தால்தான் புயலில் உதவும். புயல் எச்சரிக்கை வந்ததும் காரை முழுமையாக மின்னேற்றிவிடுவதே டெல்டாக்காரருக்கு உகந்த பழக்கம்.

வயலோரம் வீடு கட்டியிருப்போருக்கு நான்காவதாக ஒரு வழி தோன்றும். மோட்டார் கொட்டகை பத்தடி தூரத்தில் இருக்கிறது, பம்புசெட் மின்சாரம் இலவசம், அதில் ஒரு பிளக் போட்டால் என்ன? அந்த இலவசம் பயிருக்கானது. வேறு பயனுக்கு எடுத்தால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு விதிக்கலாம். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதங்களுக்குக் கணக்கிடலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உழவருக்கு இலவசம் ஏன் என்று கேட்போருக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுக்கலாமா?

பணக் கணக்குக்கு அப்பால் பாதுகாப்புக் கணக்கும் உண்டு. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மின்னேற்றும் கார், மூன்று கிலோவாட் வரை எட்டு மணி நேரம் தொடர்ந்து இழுக்கும். பழைய ஓட்டு வீடுகளின் கம்பிகள் இதற்காகப் போடப்பட்டவை அல்ல. தனிக் கம்பி, சரியான எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஆகிய மூன்றும் கட்டாயம். ஏழு கிலோவாட் சுவர்ப்பெட்டி பொருத்துவதானால் மும்முனை இணைப்பும் அனுமதிச் சுமை உயர்வும் தேவைப்படும்.

அரசின் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குச் சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் குறைந்த கட்டணமும், உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணமும் இருக்க வேண்டும் என்று மத்திய விதிகள் 2023-லேயே கூறிவிட்டன. தில்லியில் மின்வாகனங்களுக்கு யூனிட் 4.50 ரூபாய் என்ற தனிக் கட்டணமே வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் வீட்டு மின்னேற்றத்துக்கும் விரும்பியோர் ஏற்கும் பகல்நேரக் கட்டணம் ஒன்று வேண்டும். கார் வைத்திருப்பவருக்கு மானியம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சூரிய மின்சாரம் மலிந்து கிடக்கும் நண்பகலில் எடுப்பவருக்கும், ஊரே விளக்கேற்றும் மாலையில் எடுப்பவருக்கும் ஒரே விலை என்பது நியாயமில்லை என்கிறேன்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்யலாம். மாலை ஆறு முதல் பத்து வரை காரைத் தொடாதிருப்பதால் நமக்குக் காசு மிச்சமில்லைதான். ஆனால், நாற்பது வீடுகளுக்கு ஒரே டிரான்ஸ்பார்மர் உள்ள தெருவில், கடைசி வீட்டு மின்விசிறி சோர்ந்து சுழலாமல் இருக்கும். கட்டணச் சீட்டில் வராத அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பவரே சரியாகத் தேர்ந்தெடுத்தவர்.