பிரவுனிக்குள் புகுந்த கேழ்வரகு

மைதா இருந்த இடத்தில் ராகி, சர்க்கரை இருந்த இடத்தில் வெல்லம். கோலார் தங்கவயலின் பங்களா கேக்கும் லயன் வீட்டுக் களியும் ஒரே தட்டுக்கு வருகின்றன. ஆனால் 'ஆரோக்கியம்' என்ற சொல்லைக் கொஞ்சம் எடை போட்டுத்தான் வாங்க வேண்டும்.

கோலார் தங்கவயலில் நூறு வருடங்களுக்கும் மேலாக இரண்டு விதமான அடுப்புகள் எரிந்தன. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி இங்கே கால் வைத்தபின், அதிகாரிகளின் பங்களாக்களிலும் ஆங்கிலோ இந்தியர்களின் வீடுகளிலும் கேக்கும் ரொட்டியும் வெந்தன. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் மூட்டை முடிச்சுகளோடு வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களின் லயன் வீடுகளில் கேழ்வரகுக் களியும் கூழும் கொதித்தன. ஊருக்கு 'லிட்டில் இங்கிலாந்து' என்ற செல்லப்பெயர் வந்தது முதல் அடுப்பைப் பார்த்துத்தான். இரண்டாவது அடுப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை.

2018இல் யஷ் நடித்த 'கே.ஜி.எஃப்.' படமும் 2024இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலா'னும் வந்தபிறகு இந்த ஊரின் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. தங்கத்தையும் ரத்தத்தையும் காட்டிய அளவுக்குத் தட்டில் என்ன இருந்தது என்பதை சினிமா காட்டவில்லை. காட்டியிருக்கலாம். தங்கவயலைப் பற்றி நினைவுநூல் எழுதிய பிரிட்ஜெட் வைட்-குமார் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலோ இந்தியச் சமையலைப் பற்றி வரிசையாகப் புத்தகங்கள் எழுதியவரும் அவர்தான். அந்தச் சமையலில் ஒரு சங்கதி கவனிக்கத்தக்கது. சீமைப் பலகாரத்தை அப்படியே காப்பி அடிக்காமல், கையில் கிடைத்ததைப் போட்டு மாற்றிக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்குத் தேங்காயும் ரவையும் சேர்த்துச் செய்யும் கேக் அப்படி வந்தது. மைதாவை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் புதிய வித்தை அல்ல.

இப்போது வந்திருப்பது பிரவுனி. கேக்குக்கும் சாக்லெட்டுக்கும் நடுவில் நிற்கும், பஞ்சு மாதிரி உப்பாத, கனமான அமெரிக்கப் பண்டம். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின்போது, பாமர் ஹவுஸ் ஓட்டலின் சமையல்காரர்கள் பெண் விருந்தினர்களின் டிபன் பெட்டிக்காகச் செய்ததுதான் ஆரம்பம் என்று அந்த ஓட்டல் சொல்லிக்கொள்கிறது. 1906இல் வெளியான ஃபேனி ஃபார்மரின் சமையல் புத்தகத்தில் சாக்லெட் பிரவுனி அச்சிலேயே ஏறிவிட்டது. பெங்களூரின் பேக்கரிகளுக்கும் காப்பிக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தபோது அதில் இருந்தது மைதா, வெள்ளைச் சர்க்கரை, ஏராளமான வெண்ணெய். சில வருடங்களாக அதே கண்ணாடி அலமாரியில் 'ராகி பிரவுனி' என்று இன்னொரு தட்டும் உட்கார்ந்திருக்கிறது. விலை மட்டும் வழக்கமாகக் கூடுதல்.

ராகி எங்கிருந்தோ வரவில்லை. இந்தியாவில் விளையும் ராகியில் பாதிக்கு மேல் கர்நாடகத்தில் விளைகிறது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத கோலார் மாவட்டத்தில், மழையை நம்பிப் போடும் மானாவாரிப் பயிர் அது. தக்காளி விலை கவிழ்ந்தாலும் போர்வெல் காய்ந்தாலும் வீட்டுக்கு வரும் தானியம் இதுதான். தென் கர்நாடகத்தின் ரேஷன் கடைகளில்கூட ராகி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அரிசிச் சோறு கௌரவம் என்றும் களி இல்லாதவன் சாப்பாடு என்றும் ஆகி, லயன் வீட்டுப் பிள்ளைகள் அதை ஒதுக்கிய காலமும் உண்டு. இந்தியாவின் முயற்சியால் ஐ.நா. சபை 2023ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, பாட்டியின் களிச்சட்டிக்குத் திடீரென்று மரியாதை வந்தது.

பிரவுனிக்கும் ராகிக்கும் பொருத்தம் நன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மைதாவில் தண்ணீர் பட்டதும் குளூட்டன் என்ற பசை உருவாகிறது. பரோட்டா மாஸ்டர் வீசி இழுப்பது அந்தப் பசையைத்தான். ரொட்டியும் ஸ்பாஞ்ச் கேக்கும் காற்றைப் பிடித்து உப்பி நிற்பதற்கு அது வேண்டும். ராகியில் அது கிடையாது. முழுக்க ராகியில் ரொட்டி சுட்டால் செங்கல் கிடைக்கும். பிரவுனி உப்ப வேண்டியதே இல்லை. குளூட்டன் அதிகமானால் பிரவுனி ரப்பராகிக் கெட்டுப்போகும். முட்டையும் கோகோவும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. ராகியின் பழுப்பு நிறம் கோகோவில் மறைந்துவிடுகிறது. அதன் லேசான துவர்ப்பு சாக்லெட்டின் கசப்போடு சேர்ந்துகொள்கிறது. சீமைப் பலகாரங்களில் ராகிக்கு இவ்வளவு வசதியான வீடு வேறு இல்லை.

ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையில், 100 கிராம் ராகியில் கால்சியம் 364 மில்லிகிராம். மைதாவில் 20 சொச்சம்தான். நார்ச்சத்து ராகியில் 11 கிராம். மைதாவில் 3 கிராம்கூட இல்லை. இந்த எண்களைப் பார்த்ததும் கடைக்காரர்களுக்கு உற்சாகம் பிறப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் கணக்கை முழுசாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 16 துண்டு பிரவுனிக்குப் போகும் ராகி 120 கிராம். ஒரு துண்டுக்கு ராகியால் வரும் கால்சியம் சுமார் 27 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1,000 மில்லிகிராம். கால்சியத்துக்காக ராகி சாப்பிட நினைப்பவர் களியைத்தான் சாப்பிட வேண்டும். பிரவுனி டானிக் அல்ல.

அதைவிடப் பெரிய குழப்பம் வெல்லத்தில் நடக்கிறது. 'சர்க்கரை சேர்க்கவில்லை, வெல்லம்தான்' என்று சொல்லி ஒரு துண்டுக்கு மூன்று துண்டாக நீட்டும் அன்பு எல்லா வீட்டிலும் உண்டு. வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரைதான். மணம் உண்டு, கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் உண்டு. ஆனால் ஒரு துண்டில் இருக்கும் 10 கிராம் வெல்லத்திலிருந்து கிடைக்கும் இரும்பு அரை மில்லிகிராம்கூட வராது. தேன், நாட்டுச் சர்க்கரை, பனைவெல்லம் எல்லாமே இந்தப் பந்திதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் வெல்லத்துக்குச் சலுகை கிடையாது.

இது வெறும் சமையல் சச்சரவாக இருந்தால் விட்டுவிடலாம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் நடத்திய ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி. தங்கவயலில் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் இறங்கி உழைத்தவர்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இன்று விடியுமுன் ரயிலேறி, 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள். அப்பா களி சாப்பிட்டுவிட்டுப் பாறையை உடைத்தார். பிள்ளை உட்கார்ந்தே போய், உட்கார்ந்தே வேலை செய்து, ரயிலில் பன்னும் பஃப்ஸும் கொறித்துக்கொண்டு வருகிறார். வீட்டிலிருந்து டப்பாவில் எடுத்துப்போகும் இனிப்பில் சர்க்கரை உண்மையிலேயே குறைந்ததா, பெயர் மட்டும் மாறியதா என்பது இவர்களுக்கு முக்கியம்.

குறைக்க முடியும். வழக்கமான பிரவுனியில் 250 கிராம் சர்க்கரை போகிற இடத்தில் 160 கிராம் வெல்லம் போதும். வெல்லத்தின் மணமே பாதி இனிப்பாகத் தெரிகிறது. உண்மையான லாபம் இந்த 90 கிராமில்தான். சர்க்கரைக்கு வெல்லம் என்ற பெயர் மாற்றத்தில் அல்ல. வெண்ணெயை 140 கிராமிலிருந்து 80க்கு இறக்கி, மூன்று மேஜைக் கரண்டி கெட்டித் தயிர் சேர்த்தால் ஈரப்பதம் கெடாது. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றி 'ஹெல்தி' என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: நிறைவுற்ற கொழுப்பு வெண்ணெயைவிடத் தேங்காய் எண்ணெயில்தான் அதிகம். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் பரவாயில்லை; வாசனையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வால்நட்டுக்குப் பதில் வறுத்த வேர்க்கடலை போடலாம். சத்தில் வால்நட்டுக்குத் தனிப் பெருமை இருக்கிறது என்பது நிஜம், விலையிலும் அப்படித்தான்.

செய்முறை இதுதான். 120 கிராம் ராகி மாவை அடுப்பைச் சிறிதாக வைத்து, பச்சை வாசனை போகும்வரை வறுத்து, ஆறியதும் சலித்துக்கொள்ள வேண்டும். சலிக்காவிட்டால் நறநறக்கும். 160 கிராம் வெல்லத்தை இரண்டு மேஜைக் கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் ஏன் என்று புரியும். அது வெதுவெதுப்பாக இருக்கும்போதே 80 கிராம் வெண்ணெயைப் போட்டு உருக்கி, ஆறியபிறகு தயிரையும் இரண்டு முட்டைகளையும் சேர்த்து அடிக்க வேண்டும். சூட்டில் முட்டையை ஊற்றினால் பொரியல்தான் மிஞ்சும். 40 கிராம் கோகோ தூள், கால் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை மாவோடு சலித்துக் கலந்து, 50 கிராம் வேர்க்கடலையை உடைத்துப் போட வேண்டும். கோகோ என்றால் இனிப்பில்லாத, கசக்கும் கோகோ. 'டிரிங்கிங் சாக்லெட்' என்று விற்பதில் பெரும்பகுதி சர்க்கரை. அதைப் போட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

கலந்ததும் அவசரப்படக் கூடாது. ராகி மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். இருபது நிமிடம் அப்படியே விட வேண்டும். முதல் முறை செய்பவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். பிறகு எண்ணெய் தடவிய 7 அங்குலச் சதுரத் தட்டில் ஊற்றி, 170 டிகிரி சூட்டில் 20 முதல் 25 நிமிடம். ஓவன் இல்லாத வீட்டில் பழைய குக்கர் இருந்தால் போதும். காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் ஒரு அங்குல உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்துப் பத்து நிமிடம் காயவிட வேண்டும். பிறகு குக்கருக்குள் அடங்குகிற வட்டப் பாத்திரத்தில் மாவை ஊற்றி, தீயைக் குறைத்து 35 முதல் 40 நிமிடம் மூடி வைக்கலாம். உள்ளே தண்ணீர் கூடாது. நடுவில் குச்சியைக் குத்தினால் ஈரப் பொடி லேசாக ஒட்ட வேண்டும். சுத்தமாக வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த அளவில் 16 துண்டு போட்டால், தோராயக் கணக்கில் ஒரு துண்டுக்கு 130 கலோரி. பழைய முறையில் அதே துண்டு 185 வரை போகும். வித்தியாசம் சின்னதல்ல, இரண்டாவது துண்டை எடுத்தால் அதுவும் போய்விடும்.

கடையில் வாங்குபவர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் போதும். சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானதாக வரிசைப்படுத்த வேண்டும் என்பது சட்டம். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'ராகி' இருந்து, பின்பக்கப் பட்டியலில் கோதுமை மாவும் சர்க்கரையும் முதலில் வந்து, ராகி ஐந்தாவது இடத்தில் நின்றால், வாங்குவது மைதா பிரவுனிதான். 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு' என்பது மைதாவின் கௌரவப் பெயர். வனஸ்பதியின் பழைய பயம் ஓரளவு தணிந்திருக்கிறது: எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. ஆனால் பேக்கரித் தட்டில் திறந்து வைத்து விற்பதற்கு லேபிள் எதுவும் கிடையாது. கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியதுதான்: அண்ணா, இதில் ராகி எத்தனை பங்கு, மைதா எத்தனை பங்கு?

வீட்டில் செய்தது சூடாக இருக்கும்போது உதிரும். ராகிக்கு ஒட்டும் குணம் குறைவு. முழுக்க ஆறி, முடிந்தால் ஒரு ராத்திரி கழிந்து கத்தி போட்டால் துண்டு நேராக நிற்கும். அடுத்த நாள் ருசியும் கூடுகிறது. விடியற்காலை ரயிலைப் பிடிப்பவர்களுக்கு அதுவும் ஒரு வசதி. முந்தின ராத்திரி செய்து, காலையில் வெட்டி, டப்பாவில் ஒன்றே ஒன்று.