உப்பைப் பூட்டி வைக்கும் உமரி

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உப்பளக் கரையில் நின்ற உமரிச் செடியை வேரோடு எடுத்துவந்து தொட்டியில் நட்டு, தவறாமல் நல்ல தண்ணீர் ஊற்றியிருக்கிறார். செடி சாகவில்லை, ஆனால் இலை சதைப்பிடிக்காமல் மெலிந்தே நிற்கிறதாம். “உப்புத் தரையில் கொழுத்திருந்தது, நல்ல மண்ணுக்கு வந்ததும் ஏன் இளைத்தது?” என்று கேட்கிறார். உமரிக் கீரையை உண்டு வளர்ந்த பலருக்கும் தோன்றாத கேள்வி.

உப்பு மண்ணில் வேர் நீரிழுக்கத் திணறும் என்பது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. மண்ணின் உப்பை அளக்க உதவும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல்லின் விளைச்சல் சரியத் தொடங்கும். கடல்நீரில் அந்த அளவு 50 வாக்கில் இருக்கும். உமரியோ கடல்நீரின் உப்பில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிற மண்ணில்தான் செழிக்கிறது. சோடியத்தை உள்ளே இழுத்து, அதைக் கொண்டே செல்லுக்குள் நீரைத் தேக்கிக்கொள்கிறது. இலையின் சதைப்பற்று முழுவதும் அந்த நீர்தான். வாசகியின் தொட்டியில் நீருக்குக் குறைவில்லை. அதைத் தேக்கிவைக்க வேண்டிய உப்புதான் இல்லை.

இந்தச் செடியிடம் என்னை மிகவும் கவர்ந்த விந்தை வேறொன்று. 1972-இல் இங்கிலாந்தின் தாவரவியலாளர் டிமோதி ஃபிளவர்ஸ் உமரியின் நொதிகளையும் பட்டாணிச் செடியின் நொதிகளையும் பிரித்தெடுத்து, இரண்டையும் உப்புக் கரைசலில் சோதித்தார். கடலோரத்தில் பிறந்து வளரும் செடியின் நொதிகள் உப்புக்கு அசையாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பட்டாணியின் நொதிகள் எப்படி முடங்கினவோ, உமரியின் நொதிகளும் அப்படியே முடங்கின. உப்பிலேயே வாழும் செடியின் உள்ளியக்கம், உப்பு படாத செடியினுடையதைப் போலவே மென்மையானது!

பிறகு எப்படி வாழ்கிறது? எங்கள் பாட்டி கல்லுப்பைப் பீங்கான் ஜாடியில் போட்டு, மரக் கரண்டியால்தான் எடுப்பார். பித்தளைப் பாத்திரமும் இரும்புச் சட்டியும் அரிக்காமல் இருக்க, உப்புக்கு அடுக்களையில் தனி இடம். உமரியின் செல்லும் அப்படித்தான். செல்லின் நடுவே பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் நுண்குமிழ்ப்பைக்குள் சோடியத்தையும் குளோரைடையும் தள்ளிப் பூட்டிவிடுகிறது. நொதிகள் வேலை செய்யும் சைட்டோபிளாசத்தில் உப்பு மட்டுப்பட்டே இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குச் செடி கொடுக்கும் விலை அதிகம். பைக்குள் உப்பைத் தள்ள ஓயாமல் ஆற்றல் வேண்டும். பை நீரை உறிஞ்சிவிடாதபடி சைட்டோபிளாசம் கிளைசின் பீட்டெய்ன் என்ற பொருளைத் தயாரித்துச் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு நைட்ரஜன் தேவை. மண்ணிலோ குளோரைடு, நைட்ரேட்டின் வழியை மறிக்கிறது. சோடியம் பொட்டாசியத்தோடு மல்லுக்கு நிற்கிறது. புரதம் கட்டுவதற்குப் பொட்டாசியம் இன்றியமையாதது. அந்த வேலையைச் சோடியத்தால் செய்ய முடியாது. ஆகவே உப்பு ஓரளவுக்கு மேல் போனால் உமரியும் பசியில் வாடும், குறுகும். கோடையில் கரையெல்லாம் உமரி சிவந்து நிற்பது நம் கண்ணுக்கு அழகு. செடிக்கு அது நெருக்கடிக் காலம். விதையும் மழை வந்து மேல்மண்ணின் உப்பைக் கரைத்த பிறகுதான் நன்றாக முளைக்கிறது.

கீரையை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டும் வழக்கம் நியாயமானது. அந்த நீரோடு பூட்டிவைத்த உப்பும் ஆக்சலேட்டும் பெருமளவு வெளியேறுகின்றன. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அப்போதும் அளவோடு உண்பதே நல்லது.

இந்தச் செடியை மண்ணைத் தேற்றவும் பயன்படுத்தலாம். உமரியையோ வங்கராவாசி என்ற இன்னொரு உவர்நிலச் செடியையோ பயிரிட்டால், நான்கு மாதத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து சுமார் 500 கிலோ உப்பை எடுத்துவிடலாம் என்று 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் செடியை அறுத்து வயலை விட்டு அப்புறப்படுத்த வேண்டும். அங்கேயே மட்கவிட்டால் உப்பு மண்ணுக்கே திரும்பிவிடும்.

இதைக் கேட்டதும், “நிலம் உவரானால் என்ன, உமரி போட்டுக்கொள்ளலாம்” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு மனம் பொறுக்கவில்லை. கரையோரத்தில் ஆழ்குழாய் போட்டு உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே ஏறும். வயலை இறால் குட்டையாக்கினால் பக்கத்து வயலும் உவராகும். இறால் குட்டைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பே வழங்கியது. சில ஆண்டுகளில் நாம் ஏற்றிய உப்பைச் சுமந்து தீர்க்க ஒரு கீரைச் செடியை நம்பியிருப்பது அநியாயம். ஏற்கெனவே உவர்ந்த நிலத்துக்கு உமரி நல்ல துணை. புதிதாக நிலத்தைக் கெடுக்க அது அனுமதிச் சீட்டு ஆகாது.

வாசகிக்கு ஒரு வார்த்தை: தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஊற்றிப் பாருங்கள். தொழு உரமும் கொஞ்சம் போடுங்கள்; உப்போடு வாழும் செடிக்கு நைட்ரஜன் பசி அதிகம். அந்தத் தண்ணீர் மட்டும் பக்கத்துத் தொட்டிகளுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.