முதல் பாடம் யாருக்கு?

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடு ஒன்றில் காலை மணி ஆறரை. பள்ளிச் சீருடை அணிந்து அவசரமாக அறையிலிருந்து வெளியே வந்த மகனின் காலுறை நனைந்துவிடுகிறது. வரவேற்பறையின் நடுவே சிறுநீர் தேங்கிக் கிடக்கிறது. “மறுபடியுமா?” என்று அவன் கத்துகிறான். வீட்டுக்கு வந்து பத்து நாள்களே ஆன நாய்க்குட்டி சோபாவுக்கு அடியில் பதுங்குகிறது. “இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். அதற்குள் பழகாவிட்டால் வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டியதுதான்” என்கிறார் அம்மா. பாட்டி ஒன்றும் பேசாமல் தரையைத் துடைக்கத் துணியை எடுத்து வருகிறார்.

நாய்க்குட்டி வளர்க்கத் தொடங்கும் பல வீடுகளில் இத்தகைய காட்சியைக் காணலாம். பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் கட்டத்தைப் பொறுமையோடு கடந்துவிடுகின்றன. சில குடும்பங்களோ மனம் தளர்ந்து, ஆசையாகக் கொண்டுவந்த குட்டியைக் கைவிட்டுவிடுகின்றன. இது வருத்தத்திற்குரியது. ஏனெனில், உரிய இடத்தில் கழிக்கும் பழக்கத்தை எந்தக் குட்டிக்கும் கற்பிக்க முடியும். ஆனால், அதற்கு முன் வீட்டிலுள்ளவர்கள் சிலவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுக்குமாடி வீட்டில் இந்தப் பழக்கம் மிகவும் முக்கியமானது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில், அனுமதிக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒரு நாயை மட்டுமே வளர்க்கலாம். அதற்கு உரிமம் பெற வேண்டும். பொது இடத்தில் நாய் மலம் கழித்தால் அதை அகற்றுவது உரிமையாளரின் கடமை. தாழ்வாரமும் மின்தூக்கியும் எல்லாருக்கும் பொதுவானவை. அங்கு ஏற்படும் துர்நாற்றம் அண்டை வீட்டாரையும் பாதிக்கும். எனவே, ஒரு குட்டியின் பழக்கம் ஒரு தளத்தில் வாழும் அனைவருடைய நலனோடும் தொடர்புடையதாகிறது.

தரைவீட்டில் கதவைத் திறந்தால் தோட்டம் இருக்கும். பன்னிரண்டாம் மாடியில் வாழும் குட்டிக்கு அந்த வசதி இல்லை. அதைக் கீழே அழைத்துச் செல்லலாமே என்று சிலர் நினைக்கலாம். ஆனால், மின்தூக்கி வரும்வரை அதனால் பொறுத்திருக்க இயலாது. மேலும், தடுப்பூசிகள் அனைத்தையும் போட்டு முடிக்கக் குட்டிக்கு ஏறக்குறைய 4 மாதம் ஆகிவிடும். அதற்கு முன்பு மற்ற நாய்கள் நடமாடும் இடத்தில் அதை இறக்கிவிட்டால், பார்வோ வைரஸ் போன்ற உயிரைப் பறிக்கும் நோய்க்கிருமிகள் தொற்றக்கூடும். ஆகவே, குட்டி முதலில் வீட்டுக்குள்ளேயே ஓர் இடத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். குளியலறையின் ஒரு மூலையோ சமையலறையை ஒட்டிய துணி துவைக்கும் இடமோ இதற்கு ஏற்றது. அங்கே செய்தித்தாளையோ ஈரத்தை உறிஞ்சும் விரிப்பையோ ஒரு தட்டில் பரப்பி வைக்கலாம்.

குட்டியின் உடலைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்ததுபோல் ஆகும். இளம் குட்டிக்குச் சிறுநீர்ப்பை சிறியது. அதைக் கட்டுப்படுத்தும் தசைகளும் இன்னும் வலுப்பெறவில்லை. குட்டியின் வயது எத்தனை மாதமோ, ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அதனால் பகலில் அடக்க முடியும் என்பது வளர்ப்போர் பின்பற்றும் ஒரு கணக்கு. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரம் பொறுப்பதே பெரிது. விளையாடும்போது அந்த நேரம் இன்னும் குறையும். அதே சமயம், இயற்கை நமக்கு ஓர் உதவியும் செய்திருக்கிறது. பிறந்து மூன்று வாரம் ஆனதும், குட்டிகள் தாம் உறங்கும் இடத்தைவிட்டுச் சற்றுத் தள்ளிச் சென்று கழிக்கத் தொடங்குகின்றன. படுக்கும் இடத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் இந்த இயல்பை அடித்தளமாகக் கொண்டே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

பயிற்சியில் நேரமே முதன்மையானது. தூங்கி எழுந்தவுடன், உணவு உண்ட சில நிமிடங்களில், தண்ணீர் குடித்த பிறகு, விளையாடி முடித்ததும் ஆகிய நேரங்களில் குட்டிக்குக் கழிக்கும் தேவை ஏற்படும். அப்போதெல்லாம் அதை அதே இடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். தரையை முகர்ந்தபடி வட்டமிடுவதும், விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மூலைக்குச் செல்வதும் குட்டி தரும் அறிகுறிகள். உணவை நாள்தோறும் குறிப்பிட்ட நேரத்தில் கொடுத்தால், அது எப்போது கழிக்கும் என்பதையும் ஓரளவு கணிக்கலாம். கண்காணிக்க ஆள் இல்லாதபோது, படுக்கையும் விரிப்பும் வைக்கப்பட்ட சிறிய தடுப்பு வேலிக்குள் அதை விடலாம். வீடு முழுவதும் ஓடவிட்டால், குட்டிக்கு வரவேற்பறையும் கழிப்பிடமாகவே தோன்றும்.

குட்டி சரியான இடத்தில் கழித்தவுடன் பாராட்ட வேண்டும். இங்கே ஒவ்வொரு நொடியும் முக்கியம். அது முடித்த மறுகணமே அன்பான ஒரு சொல்லும் சிறு தின்பண்டமும் கொடுத்தால், “இங்கே கழித்தால் நல்லது நடக்கும்” என்று அது புரிந்துகொள்ளும். சமையலறைக்குச் சென்று தின்பண்டத்தைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த வாய்ப்புப் போய்விடும். தன் பின்னால் ஓடி வந்ததற்காகவே பரிசு கிடைத்தது என்று குட்டி எண்ணிவிடலாம். அதனால், தின்பண்டத்தைக் கழிப்பிடத்திற்கு அருகிலேயே ஒரு புட்டியில் வைத்திருப்பது நல்லது.

தவறான இடத்தில் கழித்துவிட்டால் என்ன செய்வது? சிலர் குட்டியின் மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பார்கள், சிலர் அடிப்பார்கள். இவற்றால் பயன் இல்லை. ஒரு மணி நேரத்திற்கு முன்பு நடந்ததையும் இப்போது விழும் அடியையும் குட்டியால் தொடர்புபடுத்த முடியாது. “அப்படியானால், திட்டும்போது அது ஏன் குற்றம் செய்ததுபோல் தலையைக் குனிகிறது?” என்று கேட்கத் தோன்றும். நாய்களின் அறிதிறனை ஆராயும் அமெரிக்க அறிவியலாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. தின்பண்டத்தை உண்ணக் கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு, உரிமையாளர் அறையைவிட்டு வெளியேறுவார். திரும்பி வந்ததும், நாய் அதை உண்டதா இல்லையா என்று அவரிடம் கூறப்படும். சில சமயம் அந்தத் தகவல் வேண்டுமென்றே மாற்றிக் கூறப்பட்டது. உண்ணாத நாயும் திட்டு வாங்கியபோது குற்ற உணர்வு கொண்டதுபோலவே தோற்றமளித்தது! அந்தப் பார்வைக்குக் காரணம் செய்த தவறன்று. உரிமையாளரின் கோபமே என்பதை இது காட்டுகிறது.

தண்டனையால் கெடுதலும் உண்டு. திட்டு வாங்கும் குட்டி, “மனிதர் முன்னிலையில் கழித்தால் ஆபத்து” என்று கற்றுக்கொள்ளும். பிறகு, சோபாவின் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்து கழிக்கும். சரியான இடத்திற்கு அழைத்துச் சென்றாலும் நம் முன்னிலையில் கழிக்கத் தயங்கும். எனவே, கழிக்கும்போதே பார்த்துவிட்டால், அதட்டாமல் தூக்கிச் சென்று உரிய இடத்தில் விட வேண்டும். பிறகு பார்த்தால், பேசாமல் துடைத்துவிட வேண்டும்.

துடைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நாயின் மோப்பத்திறன் நம்முடையதைவிடப் பன்மடங்கு கூர்மையானது. நமக்குத் தெரியாத வாடையும் அதற்குத் தெரியும். வாடை உள்ள இடத்தையே அது மீண்டும் நாடிச் செல்லும். சிறுநீரின் வாடையை ஒத்திருப்பதால் அம்மோனியா கலந்த திரவங்களைத் தவிர்க்க வேண்டும். வாடைக்குக் காரணமான பொருள்களைச் சிதைக்கும் நொதிகள் கலந்த திரவம் சிறந்தது. குட்டி பழகும்வரை கால்மிதிகளைச் சுருட்டி வைப்பதும் நல்லது. மென்மையான விரிப்பில் பழகிய குட்டிக்கு, கால்மிதியும் அதுபோன்றே தோன்றும்.

இனி, முதலில் பார்த்த வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே குட்டிக்குக் கற்பிக்க முயலாதவர்களே இல்லை. பகலில் பாட்டி சமையலறையில் செய்தித்தாள் விரித்தார். மாலையில் மகன் குளியலறைக்குத் தூக்கிச் சென்றான். இரவில் அம்மா வாசல் அருகே விரிப்பைப் போட்டார். இதனால், பத்து நாள்களில் குட்டிக்கு மூன்று கழிப்பிடங்கள் கிடைத்தன. எது சரியானது என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. அதிகாலையில் கண் விழித்தபோது அதை அழைத்துச் செல்லவும் எவரும் இல்லை.

அன்று மாலை அவர்கள் கூடிப் பேசினார்கள். குளியலறைதான் இடம் என்று முடிவாயிற்று. யார், எந்த நேரத்தில் அழைத்துச் செல்வது என்ற அட்டவணை குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது. பகல் பொறுப்பைப் பாட்டி ஏற்றுக்கொண்டார். இரவு உறங்கும் முன் அம்மாவும், நள்ளிரவில் அப்பாவும், காலை ஐந்தரை மணிக்கு மகனும் அழைத்துச் செல்வது என்று முடிவு செய்தார்கள். குட்டியின் படுக்கை, மகனின் அறைக்குள் இடம் மாறியது. “தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்று பாட்டி சொல்லிச் சிரித்தார்.

இத்தகைய பழக்கம் ஒரே வாரத்தில் முழுமையடைவதில்லை. பல குட்டிகளுக்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். சிலவற்றுக்கு அதற்கும் மேல் ஆகலாம். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி தவறினால், சிறுநீர்ப்பாதையில் நோய்த்தொற்று இருக்கலாம். அப்போது அதை விலங்கு மருத்துவரிடம் காட்ட வேண்டும். தடுப்பூசிகள் முடிந்த பிறகு, இதே முறையில் கீழே புல்வெளியில் கழிக்கவும் பழக்கலாம். அப்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு, அந்த வீட்டில் குட்டி மீண்டும் ஒருமுறை வரவேற்பறையில் சிறுநீர் கழித்துவிட்டது. அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “தூங்கி எழுந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கு முன்பே அழைத்துப் போயிருக்க வேண்டும்” என்று சொல்லியபடி துணியை எடுத்து வந்தார். குட்டி சோபாவுக்கு அடியில் ஓடவில்லை. அவர் துடைத்து முடிக்கும்வரை, வாலை ஆட்டியபடி பக்கத்திலேயே நின்றது.